கடலே தொட்டி: தீயணைப்புப் படகு எப்படி வேலை செய்கிறது?

தீயணைப்புப் படகு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு விழாக் காட்சி. பெரிய கப்பல் ஒன்று முதல்முறையாகத் துறைமுகத்துக்குள் நுழைகிறது. முன்னால் ஒரு சிவப்புப் படகு நாலா பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சியடித்து வரவேற்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் உண்மையிலேயே தீப்பிடித்த நாளில் அந்தப் படகில் இருப்பவர்கள் தண்ணீர் எவ்வளவு தூரம் போகிறது என்பதோடு இன்னொன்றையும் யோசித்தாக வேண்டும். அடித்த தண்ணீர் எங்கே போய்த் தேங்கும்? தீயணைப்புப் படகைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்விதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. போகப் போக ஏன் என்று சொல்கிறேன்.

உதாரணத்துக்கு நியூயார்க் துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் மிகப் பரபரப்பான துறைமுகங்களில் ஒன்று. ஒரு கரையில் நியூயார்க் நகரம், மறு கரையில் நியூ ஜெர்சி. எண்ணெய்க் கிடங்குகள், கன்டெய்னர் முனையங்கள், பயணிகள் படகுகள், பாலங்கள் எல்லாம் ஒரே நீர்ப்பரப்பைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. 1875லேயே இந்த நகரத் தீயணைப்புத் துறை தனக்கென ஒரு நீராவிப் படகை இறக்கிவிட்டது. இன்று அங்கே இருக்கும் பெரிய படகுகளில் ஒன்றின் பெயர் 'த்ரீ ஃபார்ட்டி த்ரீ'. 2001 செப்டம்பர் 11 அன்று உயிரிழந்த அந்தத் துறையினர் 343 பேர். அந்த எண்ணிக்கையையே படகுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். 2010ல் பணிக்கு வந்த படகு இது. நீளம் 140 அடி, செலவு சுமார் 2.7 கோடி டாலர். தலா 2,000 குதிரைத்திறன் கொண்ட நான்கு எஞ்சின்கள் உண்டு. வேகம் மணிக்கு ஏறத்தாழ 33 கிலோமீட்டர்.

இதெல்லாம் சரி, பம்ப் எவ்வளவு தள்ளும்? நிமிடத்துக்கு 50,000 கேலன். லிட்டரில் சொன்னால் சுமார் 1,89,000. நம் ஊர் தீயணைப்பு வண்டிகளில் பரவலாக இருக்கும் தொட்டியின் கொள்ளளவு 4,500 லிட்டர்தான். இந்தப் படகு முழுத் திறனில் ஓடினால் அந்தத் தொட்டி ஒன்றரை வினாடி கூடத் தாங்காது.

இவ்வளவு தண்ணீரைப் படகு சுமந்துகொண்டு போவதில்லை. சுமக்கவும் முடியாது. படகின் அடிப்பகுதியில், நீர்மட்டத்துக்குக் கீழே, சல்லடை போட்ட பெரிய திறப்புகள் இருக்கும். கடல்நீர் அதன் வழியாக உள்ளே ஒரு பெட்டி போன்ற அறைக்கு வரும். அங்கிருந்து குழாய்கள் பம்புகளுக்குப் போகும். படகே தண்ணீரில் உட்கார்ந்திருப்பதால் பம்புக்குத் தண்ணீர் தானாகவே வந்து சேர்கிறது. தரையில் நிற்கும் வண்டி கிணற்றிலிருந்து உறிஞ்சி மேலே இழுக்கும் சிரமம் இங்கே இல்லை. சிக்கல் வேறு விதத்தில் வரும். ஆழம் குறைந்த இடத்தில் சேறும் மணலும், துறைமுகத்தில் மிதக்கும் பிளாஸ்டிக் பைகளும் சல்லடையை அடைத்துக்கொள்ளும். அதனால் திறப்புகளைப் பல இடங்களில் வைத்து, ஒன்று அடைத்தால் இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளும்படி அமைப்பது வழக்கம். உப்பு நீர் என்பதால் குழாய்களையும் வால்வுகளையும் அரிப்பைத் தாங்கும் உலோகத்தில் செய்ய வேண்டும், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

பம்பைச் சுழற்ற தனி எஞ்சின் வைக்கலாம். அல்லது படகை ஓட்டும் எஞ்சினையே கிளட்ச் போட்டுப் பம்புக்கும் திருப்பிவிடலாம். இரண்டாவது வழியில் எடையும் செலவும் குறையும். ஆனால் தண்ணீர் அடிக்கும்போது படகை ஓட்டும் சக்தி குறைந்துவிடும். அது சாதாரண விஷயமில்லை, ஏனென்றால் தண்ணீரை முன்னால் எறிகிற படகு பின்னால் தள்ளப்படும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வினாடிக்கு 3,150 லிட்டர், அதாவது 3,150 கிலோ தண்ணீர், வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் ஒரே திசையில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் வரும் பின்தள்ளு விசை ஏறக்குறைய 13 டன் எடைக்குச் சமம். எரியும் கப்பலிலிருந்து குறிப்பிட்ட தூரத்தில், காற்றும் நீரோட்டமும் தள்ளும் இடத்தில், இதையும் தாங்கிக்கொண்டு படகு அசையாமல் நிற்க வேண்டும். நீர்ப்பீரங்கியைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினால் படகின் மூக்கும் திரும்பிவிடும்.

இதனால்தான் நவீன தீயணைப்புப் படகுகளில் உந்துவிசை அமைப்பில் இத்தனை கவனம். த்ரீ ஃபார்ட்டி த்ரீ படகில் ப்ரொப்பெல்லர் இறக்கைகளின் கோணத்தையே ஓடும்போது மாற்றலாம். எஞ்சின் வேகத்தைத் தொடாமல் உந்துதலைக் கூட்டவும் குறைக்கவும் இது வழி. அமெரிக்காவின் மறு கரையோரத்தில், கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்கள் இன்னொரு வழியைத் தேர்ந்தெடுத்தன. அங்குள்ள படகுகளில் ஃபோய்த் ஷ்னைடர் என்ற உந்திகள் இருக்கின்றன. படகின் அடியில் ஒரு வட்டத் தட்டு, அதிலிருந்து செங்குத்தாகக் கீழே தொங்கும் இறக்கைகள். தட்டு சுழலும்போது இறக்கைகளின் கோணத்தை மாற்றி எந்தத் திசைக்கும் நொடியில் உந்துதல் கொடுக்கலாம். படகைப் பக்கவாட்டில் கூட நகர்த்தலாம். 2003ல் வந்த லாஸ் ஏஞ்சலிஸின் 'வார்னர் எல். லாரன்ஸ்' நிமிடத்துக்கு 38,000 கேலன் தள்ளக்கூடியது. 2016ல் வந்த லாங் பீச்சின் 'ப்ரொடெக்டர்' 41,000 கேலன். அங்கே வந்து போகும் ராட்சதக் கன்டெய்னர் கப்பல்களின் உயரத்தைப் பார்த்தால் இந்த எண்கள் ஆடம்பரமாகத் தெரியாது.

எட்டாத தீ

நீர்ப்பீரங்கியின் பலம் திறந்த வெளித் தீயில் தெரியும். எரியும் எண்ணெய்த் தொட்டி, கரையோரக் கிடங்கு, கப்பலின் மேல்தளத்தில் அடுக்கியிருக்கும் சரக்கு போன்றவை. அதிலும் எண்ணெய்த் தீ மேல் வெறும் தண்ணீரை ஊற்றினால், எண்ணெய் மேலே மிதந்து தீயைப் பரப்பிவிடும். அதற்குத்தான் நுரை. நுரைக் கரைசலைத் தண்ணீரில் சில சதவீதம் கலந்து அடித்தால், எண்ணெயின் மேல் ஒரு போர்வை படிந்து காற்றைத் தடுத்துவிடும். பழைய நுரைகளில் இருந்த ஃப்ளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குவதால், பல நாடுகள் இப்போது ஃப்ளோரின் இல்லாத வகைகளுக்கு மாறி வருகின்றன.

எட்டாத இடங்கள்தான் தலைவலி. பழைய துறைமுகங்களில் கப்பல்களைக் கட்டி நிறுத்தும் தளங்கள் மரத்தூண்களின் மேல் நிற்கும். மரம் உளுத்துப்போகாமல் இருக்க கிரியோசோட் எனும் தார் எண்ணெய் பூசியிருப்பார்கள். தீ பிடித்தால் அது தளத்தின் அடிப்பக்கமாகவே ஊர்ந்து போகும். மேலே நிற்பவருக்குப் புகை மட்டும் தெரியும், தீ தெரியாது. 2014 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்தில் இப்படி ஒரு தளம் எரிந்தது. படகுகள் பக்கவாட்டிலிருந்து அடித்தன, முக்குளிக்கும் பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர்கள் தண்ணீரில் இறங்கி, குழாய் முனையைத் தளத்துக்கு அடியில் கொண்டுபோய்க் கீழிருந்து மேல்நோக்கி அடித்தார்கள். பெரிய பீரங்கிகளைத் தவிர நீர்மட்டத்துக்கு ஒட்டினாற்போலச் சின்ன முனைகளையும் தீயணைப்புப் படகுகளில் வைப்பது இதற்காகத்தான். படத்தில் யாரும் அவற்றைக் கவனிப்பதில்லை.

அடுத்தது கப்பலுக்குள் எரியும் தீ. கப்பல் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பெட்டிகள். வெளியிலிருந்து எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் பக்கச் சுவரில் பட்டுக் கடலில்தான் விழும். உள்ளே ஓர் அறையில் எரியும் தீ, எஃகுச் சுவரைப் பழுக்கக் காய்ச்சி, நெருப்பே தொடாமல் அடுத்த அறையில் இருப்பதைப் பற்றவைத்துவிடும். ஆகவே படகு இங்கே செய்யும் முக்கிய வேலை, சுவர்களைக் குளிர்விப்பது. தீ அணையாது, ஆனால் பரவுவது மட்டுப்படும். 2020 ஜூலையில் சான் டியாகோவில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் 'பான்ஹாம் ரிச்சர்ட்' நாலைந்து நாள் எரிந்தபோது, வெளியே நின்ற படகுகள் இடைவிடாமல் இதைத்தான் செய்தன. உள்ளே ஆட்கள் போய்த் தீயைத் தேடிப் பிடிக்க வேண்டும், அல்லது எல்லாக் கதவுகளையும் அடைத்துக் கரியமில வாயுவை நிரப்பிக் காற்றில்லாமல் செய்ய வேண்டும்.

இரண்டும் எவ்வளவு கடினம் என்பதை 2023 ஜூலை 5 இரவு, இதே நியூயார்க்–நியூ ஜெர்சி துறைமுகத்தின் நூவர்க் பகுதியில் பார்த்தார்கள். 'கிராண்டே கோஸ்டா டி'அவோரியோ' என்ற கார் ஏற்றும் கப்பல். ஓடாத பழைய கார்களை உள்ளே தள்ளிவிடப் பயன்படுத்திய ஒரு ஜீப்பிலிருந்து தீ கிளம்பியது. கரியமில வாயுவைத் திறந்துவிட்டார்கள், ஆனால் ஒரு தளத்தின் பெரிய கதவை மூட முடியாததால் வாயு நிற்கவில்லை. உள்ளே போன நூவர்க் தீயணைப்பு வீரர்களில் இருவர் உயிரிழந்தார்கள். கப்பல் தீக்கான பயிற்சி அவர்களுக்குப் போதுமான அளவு தரப்படவில்லை என்று பிற்பாடு விசாரணை சொன்னது. நியூயார்க் படகுகள் உட்பட வெளியே நின்றவை அந்தக் கப்பலைக் குளிர்வித்துக்கொண்டே இருந்தன. தீ முழுதாக அடங்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. உலகிலேயே பெரிய பம்ப் கையில் இருந்தாலும், உள்ளே போகத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் அது பாதி பலம்தான்.

தண்ணீரின் எடை

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். நிமிடத்துக்கு 1,89,000 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 189 டன். ஒரு மணி நேரத்துக்கு 11,000 டன்னுக்கு மேல். இதில் பத்தில் ஒரு பங்கு கப்பலின் மேல்தளங்களில் தங்கிவிட்டால் கூட, மணிக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் எடை உச்சியில் ஏறுகிறது. எடை மட்டும் என்றால் பரவாயில்லை. தண்ணீர் ஓரிடத்தில் நிற்காது. அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பாருங்கள். கை துளி சாய்ந்தால் மொத்தத் தண்ணீரும் அந்தப் பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். கப்பலின் அகன்ற தளங்களில் நடப்பதும் அதுதான்.

1942 பிப்ரவரி 9. நியூயார்க்கின் 88ஆம் எண் தளத்தில் 'நார்மண்டி' நின்றிருந்தது. 300 மீட்டருக்கும் அதிக நீளம் கொண்ட பிரெஞ்சுப் பயணிகள் கப்பல். போருக்காக அமெரிக்கா எடுத்துக்கொண்டு, துருப்புகளை ஏற்றும் கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தது. பிற்பகலில் ஒரு தொழிலாளி உலோகம் வெட்டும்போது தெறித்த பொறி, குவித்து வைத்திருந்த உயிர்காப்பு அங்கிகளில் பற்றிக்கொண்டது. கரையிலிருந்து வண்டிகளும் ஆற்றிலிருந்து படகுகளும் சேர்ந்து தண்ணீரை வாரி இறைத்தன. சில மணி நேரத்தில் தீ கட்டுக்குள் வந்துவிட்டது. அந்த அளவில் வெற்றிதான். ஆனால் மேல்தளங்களில் தேங்கிய தண்ணீர் கப்பலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே போனது. அதை வடிவமைத்த விளாடிமிர் யூர்கெவிச் அப்போது நியூயார்க்கில்தான் இருந்தார். ஓடோடி வந்து, அடித்தள வால்வுகளைத் திறந்து கப்பலை நேராகவே ஆற்றின் தரையில் உட்கார வைத்துவிடலாம் என்று யோசனை சொன்னார். அதிகாரிகள் ஏற்கவில்லை. மறுநாள் விடியுமுன் நார்மண்டி இடப்பக்கமாகப் படுத்துவிட்டது. பிறகு எழுப்பி நிறுத்தினார்கள், ஆனாலும் அது திரும்பப் பயணம் போகவே இல்லை. கடைசியில் பழைய இரும்பாக விற்றார்கள்.

அதனால் இன்று கப்பல் தீ என்றால் தண்ணீர் அடிக்கும் கணக்கோடு தண்ணீர் வெளியேறும் கணக்கும் கூடவே நடக்கும். கப்பல் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். வடிகால்கள் அடைபடாமல் பார்ப்பார்கள், உள்ளே பம்ப் இறக்கி வெளியேற்றுவார்கள். தேவைப்பட்டால் தீ எரியும்போதே தண்ணீரை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஒருவருக்கு இருக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு அது கோழைத்தனம் போலத் தெரியும்.

இதே எடையை வேண்டுமென்றே பயன்படுத்திய கதையும் அதே துறைமுகத்தில் உண்டு. 1943 ஏப்ரல் 24 அன்று, நியூ ஜெர்சிக் கரையில் வெடிபொருள் ஏற்றிக்கொண்டிருந்த 'எல் எஸ்டெரோ' கப்பலின் எஞ்சின் பகுதியில் தீ. உள்ளே ஆயிரம் டன்னுக்கு மேல் குண்டுகள். பக்கத்திலேயே வெடிபொருளோடு வேறு கப்பல்கள், ரயில் பெட்டிகள். மூழ்கடிக்கும் வால்வுகள் இருந்த இடத்தைத் தீ மறித்துவிட்டது. கடலோரக் காவல் படையினர் கப்பலில் ஏறி நின்று போராட, இழுவைப் படகுகள் அதைக் கரையிலிருந்து இழுத்துப் போயின. நகரத் தீயணைப்புத் துறையின் 'ஃபயர் ஃபைட்டர்', 'ஜான் ஜே. ஹார்வி' என்ற இரு படகுகளும் கூடவே போய்ச் சரக்கறைகளில் தண்ணீரை நிரப்பின. நோக்கம் தீயை அணைப்பதல்ல, கப்பலைத் தாழ்த்துவது. இரவு ஒன்பது மணிவாக்கில் எல் எஸ்டெரோ வெடிக்காமல் மூழ்கியது. அடுத்த ஆண்டு, 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற 'ஃபோர்ட் ஸ்டிகீன்' கப்பலில் பஞ்சு மூட்டைகளும் சுமார் 1,400 டன் வெடிபொருளும் இருந்தன. அங்கும் டன் கணக்கில் தண்ணீர் ஊற்றினார்கள். ஆனால் தீயின் இருப்பிடம் தெரியவில்லை; எஞ்சின் பழுதுபார்ப்பில் இருந்ததால் கப்பலைத் தானாக நகர்த்தவும் வழியில்லை, என்ன செய்வது என்ற தெளிவான முடிவும் வரவில்லை. மாலை நாலு மணி தாண்டியதும் வெடித்தது. இறந்த நூற்றுக்கணக்கானவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். இந்தியாவில் ஏப்ரல் 14 தீயணைப்புப் பணி நாளாக இருப்பது அவர்கள் நினைவாகத்தான்.

கரைக்கும் தண்ணீர்

நகரத்துத் தெருக் குழாய்கள் உடைந்துபோனால் என்ன ஆகும்? 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையக் கோபுரங்கள் விழுந்ததில் பூமிக்கடியில் இருந்த குழாய்கள் நொறுங்கி, அந்த வட்டாரத் தெருக் குழாய்களில் தண்ணீர் வரவில்லை. பக்கத்திலேயே ஹட்சன் ஆறு ஓடுகிறது, வண்டிகளில் தண்ணீர் இல்லை. அப்போது தீயணைப்புப் படகுகள் கரையோரம் கட்டிக்கொண்டு, ஆற்று நீரை நீண்ட குழாய்கள் வழியாகத் தெருவில் நின்ற வண்டிகளுக்கு அனுப்பின. அதில் ஒன்று, 1931ல் கட்டிய ஜான் ஜே. ஹார்வி. துறை 1994லேயே அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டது. பழைய படகு மேல் ஆசைப்பட்ட சிலர் ஏலத்தில் வாங்கிப் பராமரித்து வந்தார்கள். அன்று அது முதலில் மக்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. வழியிலேயே துறையிலிருந்து அழைப்பு வரவே, ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய் ஏறத்தாழ 80 மணி நேரம் பம்ப் செய்தது. பழைய பீரங்கிகளில் தண்ணீரை அடைக்கும் வால்வு சரியாக இல்லாததால் சோடா பாட்டில்களைச் செருகி அடைத்தார்கள் என்பது உபரித் தகவல். 1989 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தின்போதும் இதே கதைதான்: மரீனா பகுதியில் குழாய்கள் உடைந்து வீடுகள் எரிய, 'ஃபீனிக்ஸ்' படகு விரிகுடாவிலிருந்து தண்ணீர் கொடுத்தது. என்னைக் கேட்டால், ஒரு நகரம் இப்படி ஒரு படகு வைத்துக்கொள்ள இந்த ஒரு காரணமே போதும்.

ஆட்களைக் காப்பாற்றுவதையும் விட்டுவிடக் கூடாது. 1973 ஜூனில் நியூயார்க்கில் 'சீ விட்ச்' என்ற கன்டெய்னர் கப்பலின் திருப்பு அமைப்பு கெட்டு, நங்கூரமிட்டு நின்ற 'எஸ்ஸோ பிரஸல்ஸ்' எண்ணெய்க் கப்பல் மீது மோதியது. கொட்டிய எண்ணெய் தண்ணீர் மேலேயே எரிந்தது. 1938ல் வில்லியம் ஃபிரான்சிஸ் கிப்ஸ் வடிவமைத்த அந்தப் பழைய ஃபயர் ஃபைட்டர் படகு, எரியும் எண்ணெய்க்குள் தண்ணீர் அடித்து வழி உண்டாக்கிக்கொண்டு போய், சீ விட்ச்சின் பின்பகுதியில் சிக்கியிருந்த முப்பது பேர் அளவில் மீட்டது. இப்போது வரும் படகுகளில் தன் உடம்பின் மேலேயே நீர்த்திரை விழும்படி தெளிப்பான்கள் இருக்கும். த்ரீ ஃபார்ட்டி த்ரீயில் ஒரு படி மேலே போய், வெளியே உள்ள நச்சுக் காற்று உள்ளே வராதபடி அறைகளில் காற்றழுத்தத்தைக் கூட்டி வைக்கும் ஏற்பாடும் உண்டு.

எல்லாத் துறைமுகமும் 2.7 கோடி டாலர் போட முடியாது. பெரிய தீ அடிக்கடி வருவதும் இல்லை. அதனால் உலகெங்கும் பல இடங்களில் இழுவைப் படகுகளுக்கே நீர்ப்பீரங்கி பொருத்தி இரட்டை வேலை வாங்குகிறார்கள். இவற்றுக்கு 'ஃபைஃபை' ('ஃபயர் ஃபைட்டிங்' என்பதன் சுருக்கம்) என்ற தர வரிசை உண்டு. ஃபைஃபை 1 என்றால் மணிக்கு 2,400 கன மீட்டர் தண்ணீர், எறியும் தூரம் 120 மீட்டர். ஃபைஃபை 2 என்றால் 7,200 கன மீட்டர், ஃபைஃபை 3 என்றால் 9,600. த்ரீ ஃபார்ட்டி த்ரீயைக் கன மீட்டரில் சொன்னால் மணிக்கு 11,350 வரும். 2020 செப்டம்பரில் இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் சுமார் 2,70,000 டன் கச்சா எண்ணெயோடு எரிந்த 'நியூ டயமண்ட்' கப்பலைப் போராடி அணைத்தவை இந்தியக் கடலோரக் காவல் படைக் கப்பல்களும் இலங்கைக் கடற்படையும் இப்படிப்பட்ட இழுவைப் படகுகளும்தான். எண்ணெய்த் தொட்டிகள் தப்பின. மறு ஆண்டு மே மாதம் கொழும்புக்கு வெளியே எரிந்த 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' கப்பலுக்கும் இழுவைப் படகுகளும் இந்தியக் கப்பல்களும் போயின. கன்டெய்னர்களுக்குள் எரிந்த தீயை வெளியிலிருந்து அடக்க நாட்கள் பிடித்தன. ஜூன் 2 அன்று ஆழ்கடலுக்கு இழுத்துப் போக முயன்றபோது அதன் பின்பகுதி தரைதட்டியது.